குறத்தி சொன்ன பூகோளம்: தஞ்சையில் ஒரு பாதிரியார், ஒரு மன்னர், ஒரு புலவர்

தஞ்சாவூர் பெரிய கோயிலை ஒட்டிச் சிவகங்கைப் பூங்கா இருக்கிறது. அங்கே சின்னக் கோட்டைக்குள் ஒரு பழைய தேவாலயம். ஊர்க்காரர்களுக்கு அது சுவார்ட்ஸ் கோயில். அதைக் கட்டியவர் சரபோஜி மன்னர் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை. அந்தக் கட்டடம் எழும்பிய 1779-80இல் சரபோஜிக்கு 2 வயது. அவர் கொண்டுவந்து வைத்தது கட்டடத்தை அல்ல, அதற்குள் இருக்கும் பளிங்குச் சிற்பத்தை.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்த சிற்பம் அது. கட்டிலில் ஒரு கிழவர் படுத்திருக்கிறார், கடைசி நேரம். பக்கத்தில் தலைப்பாகையோடு நிற்கும் இளைஞர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். தலைமாட்டில் இன்னொரு பாதிரியார். அருகில் பள்ளிச் சிறுவர்கள். கிழவர், ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். கையைப் பிடித்திருப்பவர் இரண்டாம் சரபோஜி, மராட்டிய போன்ஸ்லே வம்சத்தவர், சிவபக்தர், கடைசிவரை மதம் மாறாதவர். ஒரு இந்து மன்னர் கிறிஸ்தவப் பாதிரியாருக்காகக் கடல் கடந்து பளிங்கு வரவழைத்தார் என்பதோடு இந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. மீதிப் பாதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஒரு பையன் இருக்கிறான், ஒரு குறத்தியும் இருக்கிறாள்.

முதலில் சுவார்ட்ஸ். 1726இல் பிராண்டன்பர்க் நாட்டில் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஹாலே நகரில் படித்தார். 1750இல் டேனிஷ்காரர்கள் கையிலிருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்புறம் ஊர் திரும்பவே இல்லை. 48 ஆண்டுகள் இந்த மண்ணிலேயே இருந்து, 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் கண்மூடினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தமிழ் படித்தார். அரசர் வீட்டுப் பேச்சு மராட்டி என்பதால் அதையும் கற்றார். பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துகீசியம் எல்லாம் அவருக்குப் பழக்கம்.

அவர் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கைக்கு ஒரு சம்பவம் போதும். 1780இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படை, அப்போது கர்நாடகம் என்று சொல்லப்பட்ட தமிழ்ச் சீமைக்குள் புகுந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி. வெளியே நெல் இருந்தது, ஆனால் உள்ளே கொண்டுவர மாடு கிடைக்கவில்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி போய்ச் சேராததால், இனி ஒரு மாடும் தரமாட்டோம் என்று கிராமத்தார் சொல்லிவிட்டார்கள். மன்னர் கூப்பிட்டும் வரவில்லை, ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி கூப்பிட்டும் வரவில்லை. கூலிக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் கடிதம் எழுதினார். மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் அவரே முன்னால் நின்று கூலி கொடுத்து அனுப்பினார். இன்னொரு சமயம், அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் நிலத்தை விட்டு ஓடிப்போன குடியானவர்களைத் திரும்பி வரச் சொன்னார். ஒரே நாளில் 7,000 பேர் வந்தார்கள் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இதற்கு முன், 1779இல், சென்னைக் கம்பெனி அரசு அவரைத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, ஹைதரிடமே அனுப்பியது. வேறு யாரையும் நம்பமாட்டேன், அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள் என்று ஹைதர் கேட்டதாகச் சொல்வார்கள். வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயை அவர் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. கம்பெனியிடம் நீட்டினார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றபோது அதைத் தஞ்சையில் ஒரு தருமப் பள்ளிக்கு முதலாக்கினார். அவர் கம்பெனிக்காகத்தான் போனார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டை மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டிருந்த ஒரு அதிகாரத்தின் காரியத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கின் விளைவை ஒரு சிறுவன் அனுபவித்தான்.

தஞ்சை மன்னர் துளஜாவுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. 1787இல், சாகும் தறுவாயில், தம் வம்சத்தின் வேறொரு கிளையிலிருந்து 10 வயதுச் சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்தார். அவன்தான் சரபோஜி. பையனின் கையை சுவார்ட்ஸிடம் கொடுத்து, இவன் இனி என் மகன் அல்ல, உங்கள் மகன் என்றாராம் மன்னர். சுவார்ட்ஸ் தயங்கினார். ஒரு பாதிரியார் எப்படி அரண்மனையை ஆள முடியும்? மன்னரின் தம்பி அமர்சிங் பாதுகாவலராக இருக்கட்டும் என்றார். நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனைதான், ஆனால் பெரிய தப்பாகப் போய்விட்டது. துளஜா இறந்ததும் தத்து செல்லாது என்று பண்டிதர்கள் தீர்ப்புச் சொல்ல, கம்பெனி அமர்சிங்கையே அரியணையில் ஏற்றியது. சரபோஜி, வெளிச்சம் சரியாகப் படாத அறையில் காவலில் கிடந்தான். படிப்பும் இல்லை.

தன் யோசனையால் வந்த வினை இது என்பது சுவார்ட்ஸுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பையனை வெளியே கொண்டுவர அவர் கம்பெனியோடு ஓயாமல் வாதாடினார். படிப்புக்கு ஏற்பாடு செய்தார். 1793இல் சரபோஜியும் அரச குடும்பத்துப் பெண்களும் சென்னைக்குப் போனார்கள், அங்கே கெரிக்கே என்ற இன்னொரு மிஷனரி பாடம் சொல்லிக்கொடுத்தார். பளிங்குச் சிற்பத்தில் தலைமாட்டில் நிற்பவர் அவர்தான். தத்து செல்லும் என்று கம்பெனி ஒருவழியாக மனம் மாறி, 1798 ஜூன் மாதம் சரபோஜியை அரியணையில் ஏற்றியது. அதைப் பார்க்க சுவார்ட்ஸ் இல்லை, நான்கு மாதம் முன்பே போய்விட்டார். சவப்பெட்டியை மூடும் முன் சரபோஜி வந்து, அழுது, பொன்னாடை போர்த்திவிட்டுப் போனார்.

கோட்டைக்கு வெளியே தூய பேதுரு ஆலயத்தில் இருக்கும் கல்லறைக் கல்லில் சரபோஜி தாமே ஆங்கிலத்தில் எழுதிய பாட்டு பொறித்திருக்கிறது. அனாதைகளுக்குத் தகப்பன், விதவைகளுக்கு ஆதரவு என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்து, என் தந்தையே, உமக்குத் தகுதியானவனாக நான் இருக்க வேண்டும் என்று தன் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டு முடிகிறது. இலக்கண சுத்தமான பெரிய கவிதை என்று சொல்ல முடியாது. இருட்டறையிலிருந்து வெளியே வந்த ஒரு பிள்ளையின் குரல் அதில் கேட்கிறது, எனக்கு அது போதும்.

கிடைத்த அரியணையும் எப்படிப்பட்டது? 1799 அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி நாடு முழுவதும் கம்பெனிக்குப் போனது. கோட்டையும் அரண்மனையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் பொன் வராகனும், வரி வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்கு. படை இல்லை, வரி வசூல் இல்லை. 22 வயது. இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோட்டைச் சுவருக்குள் மன்னராக இருந்தாக வேண்டும்.

சரி, இப்போது அந்த மூன்றாவது ஆள். சுவார்ட்ஸிடம் வளர்ந்த இன்னொரு பிள்ளை.

பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவை ஒருவர் இருந்தார். 1778இல் சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அங்கே அவர் ஒரு சிறு கோயில் கட்டினார், பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊர் அதைச் சொல்லும். 1785இல் அதைப் பிரதிஷ்டை செய்ய வந்த சுவார்ட்ஸ், அந்தச் சபையைச் சேர்ந்த தேவசகாயம் என்பவரின் மகனைப் பார்த்தார். பாட்டில் நாட்டமுள்ள பையன், 11 வயது. தகப்பனிடம் கேட்டுத் தஞ்சைக்கு அழைத்துவந்துவிட்டார். அவர்தான் பிற்காலத்தில் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). முதல் தமிழ் நாவல் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. இவர் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர்.

தஞ்சையில் சுவார்ட்ஸ் பள்ளி, பிறகு தரங்கம்பாடி. அங்கே பாடம் சொன்ன மிஷனரிகள் ஜெபப் புத்தகம் மட்டும் வைத்திருந்தவர்கள் அல்ல. ஜான் என்பவர் கடற்கரையில் சங்கும் சிப்பியும் சேர்த்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ராட்லர் செடிகொடிகளை உலர்த்திப் பெயரிட்டுக்கொண்டிருந்தார், தமிழ் அகராதி செய்தவரும் அவர்தான். இந்தப் பழக்கம் ஹாலேயிலிருந்து வந்தது. அங்கே ஃபிராங்கே நிறுவிய கல்விக்கூடத்தில், சூரியனை நடுவில் வைத்துக் கிரகங்கள் சுற்றும் பெரிய மாதிரி ஒன்றையே செய்து வைத்திருந்தார்கள். கடவுளின் படைப்பை அறிவதும் வழிபாடே என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே வேதநாயகத்துக்கும் சரபோஜிக்கும் கிடைத்த படிப்பில் வேதாகமத்தோடு உலக வரைபடமும் இருந்தது, வானியலும் உடற்கூறும் இருந்தன. 19 வயதில் வேதநாயகம் தஞ்சைப் பள்ளிக்கே தலைமை ஆசிரியர் ஆனார்.

இரண்டு மாணவர்கள், ஒரே ஆசான். ஒருவர் மன்னர், ஒருவர் வாத்தியார். கற்ற புதுப் படிப்பை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று இருவருமே நினைத்தார்கள். எதில் சொல்வது? இருவரும் தனித்தனியே எடுத்தது ஒரே வடிவத்தை. குறவஞ்சி!

இது ஏன் என்று யோசித்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. குறவஞ்சி என்ற பாட்டு நாடகத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. தலைவன் பவனி வருகிறான். தலைவி பார்த்து மயங்குகிறாள், பந்தாடுகிறாள், ஏங்குகிறாள். கூடையும் மாத்திரைக்கோலுமாகக் குறத்தி வருகிறாள். உன் ஊர் எது, மலை எது என்று தலைவி கேட்க, குறத்தி வரிசையாகப் பாடுகிறாள். கையைப் பார்த்துக் குறி சொல்லிப் பரிசு வாங்கிக்கொண்டு போகிறாள். அப்புறம் அவள் புருஷன் சிங்கன் வலையோடு பறவை பிடிக்க வருவான், பெண்டாட்டியைத் தேடுவான். கடைசியில் இருவரும் கேள்வியும் பதிலுமாகப் பாடுவார்கள்.

இதில் குறத்தியின் இடத்தைக் கவனியுங்கள். கதையில் எல்லாரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள், தலைவி தெருமுனை தாண்டாதவள். குறத்தி ஒருத்திதான் ஊர் ஊராகச் சுற்றியவள். காசியும் பார்த்திருப்பாள், கன்னியாகுமரியும் பார்த்திருப்பாள், போன இடத்துப் பாஷையெல்லாம் பேசுவாள். திருக்குற்றாலக் குறவஞ்சியில் ‘வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்’ என்று அவள் மலைவளம் சொல்லும்போது, கேட்பவர் யாரும் அவளைக் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. நேரில் பார்த்தவள் சொல்கிறாள், கேட்டுக்கொள்கிறோம். அப்படியானால் புதிய பூகோளத்தைத் தமிழ்நாட்டு மேடையில் சொல்ல அவளைவிடத் தகுந்த ஆள் யார்? வரைபடத்தை விரித்து வாத்தியார் சொன்னால் அது பாடம். கூடையை இறக்கி வைத்துவிட்டு மலைவளம், நாட்டுவளம் என்ற மெட்டிலேயே ஆப்பிரிக்காவையும் அமெரிக்காவையும் குறத்தி சொன்னால் அது நம் வீட்டுத் திண்ணைப் பேச்சு. இடம் ஏற்கெனவே காலியாக இருந்தது. சரக்கை மட்டும் மாற்றினார்கள்.

வேதநாயகம் 1800 வாக்கில் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். தலைவன் பெத்லகேம் நாதர். தலைவி தேவமோகினி, அதாவது கிறிஸ்துவின் மேல் காதல் கொண்ட திருச்சபை. குறத்தி ஞானச்சிங்கி, விசுவாசம் என்ற குணமே பெண்ணாக வந்தவள். சிங்கன் ஞானச்சிங்கன் ஆகிறான், வேதம் சொல்லும் குருமாரைக் குறிப்பவன். அவன் கூட்டாளி நூவன் இங்கே உபதேசியார். வலையில் விழும் பறவைகள் மனித ஆத்துமாக்கள். மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்குவேன் என்று கலிலேயாக் கடற்கரையில் மீனவர்களிடம் சொன்ன வார்த்தை, இங்கே கண்ணியும் வலையுமாக வேட்டுவன் கைக்கு வந்துவிடுகிறது. இதற்கு நடுவே சூரியனைச் சுற்றும் கிரகங்களும் உலக நாடுகளும் பாட்டாக வருகின்றன. ஐரோப்பிய நூல் எதையும் அப்படியே தமிழில் பெயர்த்தால் இந்த உறுத்தலின்மை வராது. சந்தமும் சிந்தும் தாய்ப்பாலோடு வந்த ஒருவரால்தான் இது முடியும்.

சரபோஜி மராட்டியில் ‘தேவேந்திர குறவஞ்சி’ எழுதினார். அதிலும் குறத்தி உலகப் பூகோளம் சொல்கிறாள், கண்டம் கண்டமாக. நாடு பறிபோன மன்னர் ஒருவர் உலகத்து நாடுகளையெல்லாம் குறத்தி வாயில் அடுக்கிப் பாடவைத்தார் என்பதை என்னால் லேசாகக் கடந்துபோக முடியவில்லை. எல்லை அரண்மனைச் சுவரோடு முடிந்துபோனவருக்கு உலகப்படம் என்னவாக இருந்திருக்கும்?

மூன்றாவது ஒன்றும் உண்டு. கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’. இதில் தலைவனே சரபோஜிதான், தலைவி மதனவல்லி. இது மரபு வழுவாத குறவஞ்சி, பெரிய கோயில் திருவிழாவில் நாட்டியமாக ஆடப்பட்டது. ஆக ஒரே ஊரில், ஒரே தலைமுறைக்குள், ஒரே வடிவத்தில் மூன்று படைப்புகள். ஒன்றில் தலைவன் கிறிஸ்து, ஒன்றில் கதை தேவேந்திரனுடையது, ஒன்றில் தலைவன் அந்த ஊர் மன்னர். தமிழில் ஒன்று வேதம் பேசியது, இன்னொன்று கோயிலில் ஆடியது, மராட்டியில் ஒன்று பள்ளிப் பாடம் சொன்னது. அந்தக் காலத் தஞ்சையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒருவர் எனக்கு விளக்கிவிட முடியாது.

சரபோஜி செய்த மற்றக் காரியங்கள் பரவலாகத் தெரிந்தவை, ஓட்டமாகச் சொல்கிறேன். நாயக்கர் காலத்திலிருந்து வந்த ஏட்டுச் சேகரத்தைச் சரஸ்வதி மகால் நூலகமாக வளர்த்தார். 1820இல் காசிக்குப் புறப்பட்டுப் போனவர், அங்கிருந்தும் சுவடிகள் கொண்டுவந்தார். 1805இல் தேவநாகரி அச்சுக்கூடம் வைத்து, ஈசாப் கதைகளை மராட்டியில் அச்சிட்டார். தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேல்நாட்டு வைத்தியம் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிக்கச் செய்தார். கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சைக் குறிப்புகள் கண்ணின் வண்ணப் படங்களோடு இன்றும் நூலகத்தில் இருக்கின்றன. தேறிய மருந்துகளை அரண்மனைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக்கினார்கள், அவைதான் சரபேந்திர வைத்திய முறைகள். இங்கேயும் அதே வழிதான். புதிதாக அறிந்ததை, ஊர் மனப்பாடம் செய்யக்கூடிய பாட்டில் போட்டு வைத்தல்.

நூலகத்தின் ஐரோப்பியப் புத்தகங்கள் பலவற்றில் ஆங்கிலத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. வாங்கி அலமாரியில் அழகுக்கு வைத்தவர் அல்ல அவர். 1826இல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர், மன்னர் ஐரோப்பிய விஞ்ஞானிகளான லவாய்சியரையும் லின்னேயஸையும் புஃபோனையும் சரளமாக மேற்கோள் காட்டினார் என்று அசந்துபோய் எழுதினார்.

வேதநாயகம் வாழ்க்கையில் நான் கடந்துபோக விரும்பாத ஒரு பக்கம் இருக்கிறது. சுவார்ட்ஸ் காலத்தில் சபைக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கத்தை விட்டுவைத்திருந்தார்கள். 1820களில் வந்த புதிய மிஷனரிகள் அதை ஒப்பவில்லை. எல்லாரும் சேர்ந்து உட்கார வேண்டும், திருவிருந்துப் பாத்திரம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார்கள். தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள், அவர்களுக்காக எழுதுகோல் எடுத்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். ‘சாதியாசாரத்தின் பாவனை’ என்ற அவர் நூல் அந்தச் சண்டையில் பிறந்தது. எங்கள் பழக்கவழக்கத்தையும் இசையையும் பூவையும் அந்நியர் ஏன் பிடுங்க வேண்டும் என்ற அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பறையர் வீட்டுக் கிறிஸ்தவரோடு ஒரே பாத்திரத்தில் குடிக்கமாட்டேன் என்பதில் துளி நியாயமும் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் அவர் வாதாடினார் என்பதுதான் துயரம். ‘சாஸ்திரக் கும்மி’யில் சகுனம், நாள், கோள், சடங்கு என்று ஊர் மூடநம்பிக்கைகளை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்டவர் அவர். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று பாட முடிந்தவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்தவரைச் சமமாகப் பார்க்க முடியவில்லை.

1829இல் மிஷன் அவரை வேலையை விட்டு நீக்கியது. 55 வயது. அப்போது அவருக்குக் கைகொடுத்தவர் பழைய தோழர்தான். சரபோஜி அவரை அரண்மனைப் புலவராக்கிச் சம்பளம் போட்டுக்கொடுத்தார். மன்னர் பெரிய கோயில் இறைவன் மேல் ஒரு குறவஞ்சி பாடச் சொன்னதாகவும், அது மட்டும் முடியாது என்று புலவர் மறுத்ததாகவும் சாஸ்திரியார் குடும்பத்தில் ஒரு செய்தி வழிவழியாக வருகிறது. ‘இயேசுவையே துதிசெய் நீ மனமே’ என்ற கீர்த்தனை அந்தச் சமயத்தில் பிறந்தது என்பார்கள். மன்னர் கோபித்துக்கொள்ளவில்லை, வேலையிலிருந்தும் எடுக்கவில்லை.

சரபோஜி 1832 மார்ச்சில் இறந்தார். அவர் மகன் சிவாஜி ஆண்வாரிசு இல்லாமல் 1855இல் இறக்க, மிச்சமிருந்த கோட்டையையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு 1857இன் கலகம் வந்து கம்பெனியும் போனது. வேதநாயகம் சாஸ்திரியார் இதையெல்லாம் பார்த்தபடி 1864 ஜனவரி வரை தஞ்சையிலேயே இருந்தார். அவர் கீர்த்தனைகளைத் தென் மாவட்டத்துக் கோயில்களில் இன்றும் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே பாடுகிறார்கள்.